பேரும் செலவும்: எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் எழுதுவது?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து இரண்டு மூன்று வாரங்களில் தாய்மார் காரியாலயத்துக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். மடுல்கலைப் பக்கமிருந்தும் ஹுலுகங்கைப் பக்கமிருந்தும் காலை பஸ்ஸில் வந்து, கையில் பெறுபேற்றுத் தாளின் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "மிஸ், பிள்ளை பாஸ் ஆயிருச்சு. எந்த யுனிவர்சிட்டிய மொதல்ல போடுறது?" என்பதுதான் கேள்வி. கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் அடுத்த நான்கு வருடங்களுக்கு அந்த வீட்டில் யார் என்ன சாப்பிடுவார்கள், எந்த நகை அடகுக்குப் போகும், தங்கச்சி பள்ளிக்கூடம் போவாளா நிற்பாளா என்பதெல்லாம் இதற்குள் இருக்கிறது. வாசகிகள் சிலரும் கடிதத்தில் இதையே கேட்டிருப்பதால் இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

நமது நாட்டில் அரச பல்கலைக்கழகத்தில் படிப்பிற்குக் கட்டணம் இல்லை. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயன் இது. (தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றது 1970களில்தான். மலையகத்துக்கு அந்த இலவசம் வந்து சேர முப்பது வருடம் போனது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.) கட்டணம் இல்லை என்றவுடன் செலவும் இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு, போட்டோக் கொப்பி, ஒரு போன், இரண்டு நல்ல உடுப்பு இவையெல்லாம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு போர்டிங் வாடகையும் சோற்றுப் பார்சல் விலையும் ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது" என்ற கேள்வியோடு "எந்த ஊரில் நம் பிள்ளையால் நான்கு வருடம் தாக்குப்பிடிக்க முடியும்" என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் விண்ணப்பப் படிவம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் தமிழிலும் ஒரு கைநூல் வெளியிடுகிறது. தடித்த புத்தகம். பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. பிள்ளை தனக்கு விருப்பமான வரிசையில் அந்தக் குறியீடுகளை எழுத வேண்டும். பிறகு இசெட் புள்ளியைக் கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். எந்த இடத்தில் புள்ளி போதுமோ அந்த இடம் கிடைக்கும்.

இதில் ஒரு தவறான எண்ணம் எங்கள் பக்கத்தில் ஊறிக் கிடக்கிறது. "பேராதனைய மொதல்ல போட்டு அது கெடைக்காமப் போனா மத்ததும் போயிரும்" என்று பயந்து, கிடைக்கும் என்று நினைப்பதையே முதலாவதாக எழுதுகிறார்கள். அப்படி எதுவும் போய்விடாது. முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள், அதுவும் இல்லையென்றால் மூன்றாவதை. யாழ்ப்பாணத்தை முதலில் எழுதியவளுக்கும் இரண்டாவதாக எழுதியவளுக்கும் யாழ்ப்பாணத்துக்குத் தேவையான புள்ளி ஒன்றுதான். எனவே உண்மையான விருப்பத்தின்படியே வரிசைப்படுத்துங்கள். அனுப்ப முடியாத ஊரை மட்டும் எழுத வேண்டாம். எழுதினால் அதுவே வந்துவிடலாம். சென்ற வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து ஒரு கணக்குப் போடலாம், ஆனால் அது சென்ற வருடத்துப் பிள்ளைகளின் கணக்கு.

கண்டி மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா அந்தப் பதினாறில் உண்டு. பதுளை உண்டு. வடக்கு கிழக்கு மாவட்டங்கள் எட்டும் உண்டு. கண்டி இல்லை. கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிகளில் படித்த பிள்ளையும், பன்வில மலையில் கணித ஆசிரியர் ஒரு தவணை இருந்து மறு தவணை மாறிப்போகும் பாடசாலையில் படித்த பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில் வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் வேறு கணக்கு. சமூகவியல் படித்த காலத்திலிருந்தே "மாவட்டம்" என்ற அளவுகோல் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே எத்தனை மாவட்டங்கள்! தரப்படுத்தல் என்ற சொல் 1970களில் வடக்கில் எவ்வளவு காயத்தை உண்டாக்கியது என்பதை மூத்த வாசகிகள் அறிவார்கள். அதே வழியில் வந்த மாவட்ட ஒதுக்கீட்டில் இன்று வன்னிப் பிள்ளைக்கு ஒரு கை கிடைக்கிறது, பன்விலப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. சட்டத்தை நாம் மாற்றும்வரை இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு எழுதத்தான் வேண்டும்.

இனி எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்த அக்காவின் பெற்றோர் 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அக்கா கிளிநொச்சிப் பக்கம் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்தார். 2009இல் கணவர் காணாமற்போனார். முகாமிலிருந்து வெளியே வந்து, சில வருடம் அலைந்து, கடைசியில் இரண்டு பெண்பிள்ளைகளோடு பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் மாமன் வீட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தார். கொழுந்து எடுக்க இங்கேதான் பழகினார். 2023 செப்டெம்பரில் உயர்தரப் பெறுபேறு வந்தபோது மூத்தவள் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள்.

மாமனுக்குப் பேராதனைதான். "அங்க போனா பேரு. இல்லாட்டி போகவே வேணாம்" என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளத்துக்கும் அதுதான் சொல், முழுப் பேர், அரைப் பேர் என்று. அவர் எந்தப் பேரைச் சொல்கிறார் என்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அக்காவுக்கும் பேராதனைதான், ஆனால் வேறு காரணத்துக்காக. பக்கத்தில் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம், செலவு மிச்சம். இன்னொரு காரணத்தை அவர் கடைசியாகத்தான் சொன்னார். யாழ்ப்பாணம் போகிற பஸ் கிளிநொச்சியைத் தாண்டித்தான் போகும். அந்தப் பாதையைப் பிள்ளை மாதாமாதம் கடப்பதை நினைக்கவே அவருக்கு முடியவில்லை.

மூன்று பேரையும் உட்காரவைத்து ஒரு கொப்பியில் கணக்கெழுதினோம். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு நடை. அங்கிருந்து பஸ்ஸில் வத்தேகம வழியாகக் கண்டி. கண்டியில் இறங்கி பேராதனைக்கு இன்னொரு பஸ். காலை எட்டு மணி விரிவுரைக்கு இருட்டில் புறப்பட வேண்டும், மாலையில் இருட்டில் வந்து சேர வேண்டும். மழைக்காலத்தில் மலை ரோட்டில் பஸ் ஓடாத நாட்களும் உண்டு. இளம் பெண் ஒருத்தி வருடக்கணக்கில் செய்யக்கூடிய பயணம் இல்லை இது. அப்படியானால் விடுதி வேண்டும். விடுதி இடம் கொடுக்கும்போது தூரத்தையும் பார்ப்பார்கள். தூர மாவட்டத்திலிருந்து வருகிறவளோடு பார்த்தால், வரைபடத்தில் பன்வில பக்கத்தில் இருக்கிறது. எல்லா வருடமும் விடுதி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கிடைக்காத வருடம் போர்டிங் எடுக்க வேண்டும். ஆகப் பேராதனை பக்கம் என்பதால் செலவு குறையும் என்ற கணக்கு அந்தக் கொப்பியில் நிற்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் எழுதினோம். ஏ9 வீதி தொடங்குவதே கண்டியில்தான் என்று சொன்னபோது அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தெரியாது. ஓமந்தையும் கிளிநொச்சியும்தான் அவருக்கு ஏ9. மாத்தளை, தம்புள்ள, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி என்று 320 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. தவணை விடுமுறைக்கு மட்டும் வந்து போவதென்றால் வருடத்துக்கு நான்கைந்து பயணம்தான். தூரப் பிள்ளை என்பதால் விடுதிக்கு வாய்ப்பு அதிகம். தகப்பனின் அக்கா கிளிநொச்சியில் இருக்கிறார், ஒரு சனி ஞாயிறு போய்ச் சோறு தின்ன ஒரு வீடு. கலைப்பீடத்தில் பெரும்பாலும் தமிழில் படிக்கலாம். பேராதனையிலும் தமிழ் மொழிமூலம் உண்டு, ஆனால் எல்லாப் பாடத்துக்கும் இல்லை. பிள்ளை விரும்பும் பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். மூன்றாவதாகக் கிழக்குப் பல்கலைக்கழகத்தை எழுதினோம்.

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த மகள்தான் முடித்துவைத்தாள். "அம்மா, நீங்க அந்த ரோட்டால வந்தனீங்க. நான் அந்த ரோட்டால போறன், அவ்வளவுதான்." தோட்டத்தில் வளர்ந்தும் அவள் பேச்சில் வன்னி போகவில்லை. பேராதனை முதலாவது, யாழ்ப்பாணம் இரண்டாவது என்றே படிவத்தில் எழுதினார்கள். மாமனுடைய மனமும் ஆறட்டும் என்றுதான். யாழ்ப்பாணம் கிடைத்தது. முதல்முறை கொண்டுபோய் விடும்போது அக்காவும் போனார். கிளிநொச்சியில் இறங்காமல் நேரே போய்விட்டு, திரும்பி வரும்போது இறங்கி மைத்துனி வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்தார்.

பேரைப் பற்றி என்னிடம் கேட்டால் என் அபிப்பிராயம் இது. பேராதனைக்கு உள்ள பேர் சும்மா வந்ததல்ல. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. பல தலைமுறை அறிஞர்கள் அங்கே படித்தார்கள், படிப்பித்தார்கள். ஆனால் அந்தப் பேரை உண்டாக்கியவர்களும் ஓரிடத்தில் இருந்துவிடவில்லை. பேராதனையில் படித்த கைலாசபதிதான் 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர். பேராதனையில் தமிழ் படிப்பித்து நாடகம் வளர்த்த வித்தியானந்தன்தான் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். போர் நடந்த காலத்திலும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மூடிக்கிடந்து மூடிக்கிடந்து திறந்து பட்டதாரிகளை உருவாக்கின. அந்தப் பட்டத்தை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்குச் சரிவராது.

நடைமுறையில் பேர் எங்கே உதவும்? ஆசிரியர் சேவைக்கோ பட்டதாரி அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்துக்கோ போகிறவளிடம் மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பட்டமா, என்ன வகுப்பில் சித்தி என்றுதான் பார்ப்பார்கள். மருத்துவத்தில் எங்கே படித்தாலும் பதிவு இலங்கை மருத்துவ சபையில்தான். கொழும்புத் தனியார் கம்பனிகளில் பேருக்கு ஓரளவு மதிப்பு உண்டு, ஆங்கிலத்துக்கு அதைவிட அதிக மதிப்பு உண்டு. ஆகவே வீட்டில் ஐயாயிரம் ரூபாய் மிஞ்சினால், பேருள்ள ஊரில் போர்டிங்குக்குக் கொடுப்பதைவிட ஆங்கில வகுப்புக்குக் கொடுப்பது மேல் என்பேன். விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் புதிய இடங்களையும் பார்க்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ 2005இல் தொடங்கியது, ஏற்றுமதி விவசாயம் போன்ற துறைகள் அங்கே உண்டு. தேயிலைக் கொழுந்து எடுத்தவர் வீட்டுப் பிள்ளை தேயிலையின் மறுபக்கத்தைப் படிப்பது நல்ல காரியம்தானே.

உதவிப்பணம் பற்றி. மகாபொல 1981இல் தொடங்கியது. அந்த மகள் சேர்ந்த காலத்தில் மாதம் 5,000 ரூபாய். 2021இல் நிர்ணயித்த தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பதால் அது சரியாக அம்மாவின் ஐந்து பேர். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 7,500 ஆகவும், பர்சரி எனப்படும் உதவுதொகை 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. 7,500ஐ முப்பதால் பிரித்தால் நாளுக்கு 250 ரூபாய். சாப்பாட்டுக்கே கட்டாது, ஆனாலும் இல்லாமல் முடியாது. எல்லோரும் கவனிக்கத் தவறுவது, பணம் கைக்கு வரும் நேரம். விண்ணப்பம், விசாரணை, பட்டியல் எல்லாம் முடிந்து முதல் தவணை வங்கிக்கு வர மாதங்கள் செல்லும். அதேநேரம் மெத்தை, வாளி, பாத்திரம், புத்தகம், போர்டிங் முற்பணம் என்று செலவு மிக அதிகமாக இருப்பதும் அந்த முதல் மாதங்களில்தான். பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வருவதை நான் கண்டதும் அந்தக் காலப்பகுதியில்தான். ஆகவே பெறுபேறு வந்த நாளிலிருந்தே ஒரு சீட்டுப் போடுங்கள். பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் இடையில் பல மாதம் இருப்பதால் அந்தச் சீட்டு கைக்கு வந்துவிடும். நுண்கடன் கம்பனிகளிடம் போக வேண்டாம் என்று இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன்.

கணவர் காணாமற்போன தாய்மாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உதவுதொகைப் படிவத்தில் தகப்பனின் தொழில், வருமானம் என்று கேட்பார்கள். அந்தக் கோட்டுக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். "இறந்துவிட்டார்" என்று எழுத மனம் வராது, வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வரும். மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2016ஆம் ஆண்டு திருத்தச் சட்டத்தின்படி, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதையே உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். அதை எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. தேடுவதையும் அது நிறுத்தாது. அதன் பிரதியோடு, குடும்ப வருமானத்தைக் கிராம சேவகரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கிக் கொடுங்கள். வன்னியில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள், கடைசி வாரத்தில் ஓட வேண்டாம். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உதவும் கல்வி நிதியம் ஒன்றும் இருக்கிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் மூலம் அது வழங்கப்படுகிறது, அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும். தாயும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர் என்றால் அவருடைய வேலைக் கடிதமே போதுமா என்று அங்கே கேளுங்கள்.

பகிடிவதை பற்றிக் கேட்காத தாய் இல்லை. 1997இல் பேராதனையில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்த பின்னர்தான், 1998இல் அதற்கெதிரான சட்டம் வந்தது. சட்டத்தில் சிறைத்தண்டனை உண்டு. பகிடிவதை அறவே இல்லாத பல்கலைக்கழகம் என்று ஒன்றை என்னால் காட்ட முடியாது, ஆகவே இதை வைத்து ஊரைத் தெரிவுசெய்ய முடியாது. பிள்ளை வாரத்தில் ஒரு நாளாவது தனியாகப் பேசக்கூடிய நேரத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள், "நல்லா இருக்கன்" என்று சொல்லும் குரலைக் கேளுங்கள்.

புள்ளி போதாத பிள்ளைகள் என்ன செய்வது? பெறுபேறு வந்தவுடன் சுவரெல்லாம் "கெம்பஸ்" விளம்பரம் ஒட்டுகிறார்கள். அந்தப் பட்டம் மானியங்கள் ஆணைக்குழுவால் அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத் தமிழ் ஆசிரியர்களை உருவாக்கவே கட்டப்பட்டது. தங்கிப் படிக்கலாம், முடித்தால் ஆசிரியர் நியமனம். பட்டத்தைப் பிறகு வேலை செய்துகொண்டே எடுக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரம் மூன்று முறை எழுதலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. அங்கே கட்டணம் உண்டு. ஆனால் 18 வயதுக்கு மேற்பட்ட எவரும், உயர்தரம் இல்லாவிட்டாலும், அடிப்படைப் பாடநெறி ஒன்றிலிருந்து தொடங்கலாம். போரால் பத்தாம் வகுப்போடு நின்றுபோன தாய்மார் பிள்ளைக்கு விசாரிக்கப் போகும்போது தங்களுக்கும் விசாரித்துக்கொண்டு வரலாம். விபரம் வேண்டியவர்கள் வழக்கம்போல இதழின் முகவரிக்கு எழுதுங்கள். பிள்ளையின் பாடங்கள், இசெட் புள்ளி, மாவட்டம் மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.